தப்பே இல்லாத கணக்கு நோட்டா? உஷார்!

உங்கள் பையன் 7-ம் வகுப்பு படிக்கிறானா? பெண் 8-ம் வகுப்பா? அப்படியானால் இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள்.

அடித்தல் திருத்தல் எதுவும் இல்லையா? முத்து முத்தான கையெழுத்தா? விடைக்குக் கீழே ஸ்கேல் வைத்து இரண்டு கோடா? பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் "டிக்" விழுந்திருக்கிறதா?

சந்தோஷப்படாதீர்கள். கவலைப்படுங்கள்!

7-ம் வகுப்புப் பிள்ளை தானாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் தப்பு வரும். வந்தே தீரும். தப்பே இல்லாத நோட்டு என்றால், அது கரும்பலகையைப் பார்த்து எழுதியதாக இருக்கும். அல்லது கைடைப் பார்த்து எழுதியதாக இருக்கும். அதுவும் இல்லை என்றால் பக்கத்து பெஞ்சுப் பையனின் நோட்டு, உங்கள் பையன் கையெழுத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். போன மாசம் போட்ட கணக்கில் ஒன்றைத் தொட்டு, "இதை ஒரு வெள்ளைத் தாளில் போட்டுக் காட்டு கண்ணு" என்று கேளுங்கள். போட்டு விட்டால் நல்லது. பேனா நகராமல் முகட்டைப் பார்த்தால், விஷயம் விளங்கி விட்டது.

அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். குற்றவாளி அவன் அல்ல. "நோட்டு சுத்தமா இருக்கணும்" என்று சொல்லிச் சொல்லியே அவனைக் காப்பி அடிக்க வைத்தவர்கள் பெரியவர்களாகிய நாம்தான்!

அந்த 3 வருஷம்

5-ம் வகுப்பு வரை கணக்கு என்பது கண்ணால் பார்க்கிற சமாச்சாரம். 8 மாம்பழத்தில் 5 போனால் மிச்சம் 3. விரலை மடக்கியும் தப்பித்து விடலாம்.

6-ம் வகுப்பில் காலை வைத்தவுடன் நிலைமை மாறுகிறது. பூச்சியத்துக்குக் கீழே எண்கள் வருகின்றன. எண் இருந்த இடத்தில் எக்ஸ், ஒய் வந்து உட்காருகின்றன. விகிதம், சதவீதம், நேர் மாறல், எதிர் மாறல் என்று வரிசையாக வருகின்றன. 5 மாம்பழத்தில் 8 மாம்பழத்தை எடுத்தால் என்ன மிச்சம்? விரல் இதற்கு உதவாது.

6, 7, 8 ஆகிய இந்த 3 வகுப்புகளில்தான் கணக்கு பிள்ளைக்குச் சொந்தமாகிறது. அல்லது கை விட்டுப் போகிறது.

அண்மை ஆண்டுகளில் இந்த வகுப்புகளுக்கு வந்த பிள்ளைகளுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. கொரோனாவால் 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. தமிழ்நாட்டில் 1 முதல் 8-ம் வகுப்பு வரை மீண்டும் கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ந் தேதி. கடன் வாங்கிக் கழித்தல், வாய்ப்பாடு, வகுத்தல் எல்லாம் படிய வேண்டிய வயசில் அந்தக் குழந்தைகள் வீட்டில் இருந்தார்கள். அடித்தளத்தில் செங்கல் குறைந்தால் மாடி ஆடத்தானே செய்யும்?

பிரதம் என்ற தொண்டு நிறுவனம் நாடு முழுவதும் கிராமங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கும் "அசர்" கணக்கெடுப்பு இதைச் சொல்கிறது. 3 இலக்க எண்ணை 1 இலக்க எண்ணால் வகுக்கச் சொன்னார்கள். 2024-ல் 8-ம் வகுப்புப் பிள்ளைகளில் சரியாகப் போட்டவர்கள் 100-க்கு 46 பேர்தான். இது கிராமக் கணக்கு, நம் ஊருக்கு இல்லை என்று பட்டணத்துக்காரர்கள் காலரைத் தூக்கி விட்டுக் கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் 1,212-ஐ 12-ஆல் வகுக்கச் சொல்லிப் பாருங்கள்.

தப்பு சொல்லும் சேதி

பாதிப் பிள்ளைகள் 11 என்று எழுதினாலும் ஆச்சரியம் இல்லை. சரியான விடை 101. நடுவில் இருக்க வேண்டிய பூச்சியம் பறந்து விட்டது. 12-ஐ 11-ஆல் பெருக்கினால் 132தானே வருகிறது என்று ஒரு தடவை திருப்பிப் பார்த்திருந்தால் போதும்.

இதோ இன்னும் சில தப்புகள். நகரத்தில் எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனாலும் இவற்றைப் பார்க்கலாம்.

அரையும் முக்காலும் எவ்வளவு? மேலே உள்ள 1-ஐயும் 3-ஐயும் கூட்டி 4. கீழே உள்ள 2-ஐயும் 4-ஐயும் கூட்டி 6. விடை 4/6 என்று எழுதுகிறான். 4/6 என்பது முக்காலை விடக் குறைவு! முக்கால் ரூபாயோடு அரை ரூபாயைச் சேர்த்தால் பணம் குறையுமா? இதே பையனைக் கடைக்கு அனுப்பினால் ஒன்றே கால் ரூபாய் என்று டக்கென்று சொல்வான். கடைக் கணக்கும் பள்ளிக்கூடக் கணக்கும் வேறு வேறு என்று நினைத்து விட்டான். அதுதான் கோளாறு.

0.25 பெரிசா, 0.5 பெரிசா? 25, 5-ஐ விடப் பெரிசு. ஆகவே 0.25 பெரிசு என்கிறாள் பெண். கால் கிலோ, அரைக் கிலோ என்று சொல்லிக் கேட்டால் தப்பவே மாட்டாள்.

மைனஸ் 5-லிருந்து 3-ஐக் கழித்தால்? "மைனஸும் மைனஸும் சேர்ந்தா ப்ளஸ்" என்று யாரோ சொன்னது காதில் நிற்கிறது. ப்ளஸ் 8 என்று எழுதுகிறான். அது பெருக்கலுக்கு உள்ள விதி. 5 ரூபாய் கடன்காரன் இன்னும் 3 ரூபாய் கடன் வாங்கினால் 8 ரூபாய் வரவா? 8 ரூபாய் கடன் அல்லவா!

எக்ஸ் 4 என்றால் 3 எக்ஸ் எவ்வளவு? 34 என்கிறான். எக்ஸை எடுத்து விட்டு அந்த இடத்தில் 4-ஐ வைத்து விட்டான். 3 தடவை 4, அதாவது 12 என்பது அவனுக்கு யாரும் சொல்லாத ரகசியம்.

பார்த்தீர்களா? 4 பிள்ளைகள், 4 விதமான கோளாறு. காய்ச்சல் என்று வந்த எல்லோருக்கும் ஒரே மாத்திரை கொடுக்கும் டாக்டரிடம் நீங்கள் போவீர்களா? தப்பைப் பார்த்தால்தான் வியாதி தெரியும். தப்பை ரப்பர் வைத்து அழித்து விட்டு, சரியான விடையைப் பார்த்து எழுதினால் வியாதி உள்ளேயே தங்கி விடும். 9-ம் வகுப்பில் வெளியே வரும்.

"பாஸ்" என்கிற போர்வை

தமிழ்நாட்டில் 8-ம் வகுப்பு வரை பெயில் கிடையாது. கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தது. 2019-ல் மத்திய அரசு அந்தச் சட்டத்தைத் திருத்தி, 5, 8-ம் வகுப்புகளில் பெயில் ஆக்க வழி செய்தது. தமிழக அரசும் அந்த வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு என்று அறிவித்தது. பெரும் எதிர்ப்பு எழுந்தது. 2020 பிப்ரவரியில் அரசு அதைக் கைவிட்டது.

கைவிட்டது சரியான காரியம். 13 வயசுப் பிள்ளையைப் பெயில் ஆக்கினால் கணக்கு வந்து விடுமா? ஏழை வீட்டுப் பையன் என்றால் மெக்கானிக் ஷெட்டுக்குப் போவான். பெண் என்றால் வீட்டோடு நின்று விடுவாள்.

ஆனால் பெயில் இல்லை என்பதற்கு, யாரும் கவனிக்கத் தேவையில்லை என்று அர்த்தம் இல்லை! பல வீடுகளில் அப்படித்தான் ஆகி விட்டது. "பாஸ்தானே, அப்புறம் பாத்துக்கலாம்" என்கிறார்கள். அந்த "அப்புறம்" 9-ம் வகுப்பில் வந்து நிற்கிறது. அடுத்த வருஷம் பொதுத் தேர்வு. 100-க்கு 35 வாங்க வேண்டும். 3 வருஷத்துப் பாக்கியை 10 மாசத்தில் அடைக்க முடியுமா?

இதற்கு நடுவே கையில் கிடைக்க வேண்டிய பணமும் போகிறது. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளில் 8-ம் வகுப்பு படிக்கிற பிள்ளைகளுக்கு தேசிய வருவாய் வழி மற்றும் தகுதிப் படிப்பு உதவித்தொகைத் தேர்வு என்று ஒன்று நடக்கிறது. குடும்ப வருமானம் வருஷத்துக்கு மூன்றரை லட்ச ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேர்வு பெற்றால் 9-ம் வகுப்பிலிருந்து 12-ம் வகுப்பு வரை வருஷத்துக்கு 12 ஆயிரம் ரூபாய். 4 வருஷத்தில் 48 ஆயிரம்! அந்தத் தேர்வில் கணக்கும் உண்டு; எண்களை வைத்து யோசிக்கிற கேள்விகளும் உண்டு. காப்பி நோட்டு அங்கே கை கொடுக்காது.

ஏமாற்றுகிறவர்கள் தயார்

"கணக்குப் படிச்சு என்னங்க ஆகப் போவுது? எல்லாத்துக்கும்தான் மிஷின் இருக்கே" என்பவர்களுக்கு ஒரு கேள்வி.

துணிக்கடை வாசலில் போர்டு. "50 சதவீதம் தள்ளுபடி. அதற்கு மேல் 20 சதவீதம் தள்ளுபடி." மொத்தம் எவ்வளவு? 70 என்று நினைத்து உள்ளே நுழைகிறவர்கள் ஏராளம். 1,000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகிறது. அந்த 500-ல் 20 சதவீதம் 100. விலை 400. ஆகத் தள்ளுபடி 60 சதவீதம்தான். சதவீதம் என்றால் "எதில்?" என்று கேட்க வேண்டும். 7, 8-ம் வகுப்புப் பாடம் இதுதான்.

இன்னொன்று. "நூற்றுக்கு 10 வட்டி" என்று கடன் கொடுக்கிறான் ஒருவன். 10 சதவீதம்தானே என்று கையெழுத்துப் போடுகிறார்கள். அது மாச வட்டி! வருஷத்துக்கு 120 சதவீதம். 10 ஆயிரம் வாங்கினால் ஒரு வருஷத்தில் வட்டி மட்டும் 12 ஆயிரம். அசல் அப்படியே நிற்கிறது. கந்து வட்டியைத் தடுக்க 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்து விட்டது. ஆனால் கடன் பத்திரத்தில் பெருவிரலை வைக்கும் முன்பு மனசுக்குள் ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்க, சட்டம் சொல்லித் தருமா?

"பொம்பளைப் பிள்ளைக்குக் கணக்கு எதுக்கு?" என்று கேட்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. சம்பளக் கவரை வாங்கி மாசம் 30 நாளும் ஓட்டுவது யார்? மகளிர் குழுவில் தவணைக் கணக்கு எழுதுவது யார்? நகைக்கடையில் சேதாரம் எத்தனை சதவீதம் என்று கேட்பது யார்? பெண்களுக்குத்தான் கணக்கு ரொம்ப முக்கியம்!

தினமும் அரை மணி

சரி, என்ன செய்யலாம்?

பரீட்சைக்கு முந்தின நாள் விடிய விடிய உட்காருவது கணக்குக்கு உதவாது. நீச்சல் புத்தகத்தைப் படித்து நீச்சல் வராது. தண்ணீரில் இறங்க வேண்டும். தினமும் இறங்க வேண்டும். அரை மணி போதும்.

6 முதல் 8-ம் வகுப்பு வரை வருஷத்துக்கு 220 நாள் பள்ளி நடக்க வேண்டும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். 220 நாளும் அரை மணி என்றால் 110 மணி நேரம். 3 வருஷத்தில் 330 மணி நேரம். இதைப் பிள்ளையையே கணக்குப் போடச் சொல்லுங்கள்!

அந்த அரை மணியை எப்படிச் செலவு செய்வது?

முதல் 5 நிமிஷம், நேற்றுத் தப்பாகப் போட்ட கணக்கை நோட்டைப் பார்க்காமல் மறுபடியும் போட வேண்டும்.

அடுத்த 15 நிமிஷம், இன்றைய பாடம். புத்தகத்தில் உள்ள எடுத்துக்காட்டுக் கணக்கைப் படிக்க வேண்டும். பிறகு புத்தகத்தை மூடி விட்டு அதையே போட வேண்டும். படிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரித்தான் இருக்கும். மூடினால்தான் சாயம் வெளுக்கும். அது வந்த பிறகு பயிற்சியில் 3 அல்லது 4 கணக்கு.

அடுத்த 5 நிமிஷம், சரி பார்த்தல். வகுத்தலைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். எக்ஸுக்கு விடை வந்தால் அந்த எண்ணைத் திரும்ப வைத்துப் பார்க்க வேண்டும். பஸ்ஸில் 40 பேர் போகலாம் என்றால் விடை 3.5 பஸ் என்று வருமா என்று யோசிக்க வேண்டும்.

கடைசி 5 நிமிஷம், வாய்ப்பாடும் மனக்கணக்கும். அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி என்று வைத்துப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொன்னார்கள். முழு எண் மட்டும் இல்லை. கால், அரை, முக்கால், இருபதில் ஒரு பங்கான மா, எண்பதில் ஒரு பங்கான காணி வரை வாய்ப்பாடு உண்டு. நாம் அந்த அளவுக்குப் போக வேண்டாம். 16-ம் வாய்ப்பாடு வரை தடுமாறாமல் வந்தால் போதும். வாய்ப்பாடு தெரியாத பிள்ளைக்குப் பாதிக் கவனம் பெருக்கலிலேயே போய் விடும். கணக்கை யோசிக்க மிச்சம் இருக்காது.

இதோடு 2 விதிகள்.

முதல் விதி: ரப்பருக்கு லீவு! தப்பு வந்தால் ஒரே கோடு போட்டு அடிக்க வேண்டும். பக்கத்திலேயே சரியாகப் போட வேண்டும். எங்கே சறுக்கியது என்று 4 வார்த்தை எழுத வேண்டும். "பூச்சியம் விட்டுப் போச்சு" என்று எழுதினாலும் சரிதான். பரீட்சைக்கு முன்னால் படிக்க வேண்டிய பக்கம் அதுதான்.

இரண்டாவது விதி: ஞாயிற்றுக்கிழமை கதம்பம். பழைய பாடங்களிலிருந்து 5 கணக்கு, கலந்து கட்டிப் போட வேண்டும். விகிதப் பாடத்தின் பின்னால் இருப்பது எல்லாம் விகிதக் கணக்கு. கேள்வியைப் படிக்காமலேயே முறை தெரிந்து விடும். பரீட்சையில் அப்படிச் சீட்டு எழுதி ஒட்டியிருக்க மாட்டார்கள். எந்தக் கணக்குக்கு எந்த முறை என்று கண்டுபிடிக்கிறதுதான் பாதிக் கணக்கு.

டியூஷனும் செல்போனும்

"நாங்கதான் டியூஷனுக்கு அனுப்புறோமே" என்பீர்கள்.

டியூஷன் சொல்லித் தருகிறவர்களில் நல்லவர்கள் நிறைய உண்டு. ஆனால் அங்கேயும் போர்டில் போட்டதைத்தான் பிள்ளை எழுதிக் கொண்டு வருகிறது என்றால், ஒரு காப்பி நோட்டு இரண்டு ஆகிறது. மாசா மாசம் பணமும் போகிறது. டியூஷன் வாத்தியாரிடம் மார்க் கேட்காதீர்கள். "இந்த வாரம் எம்பிள்ளை எதுல தப்புப் பண்ணினான் சார்?" என்று கேளுங்கள். அவர் சட்டென்று பதில் சொன்னால் நல்ல வாத்தியார். விட்டு விடாதீர்கள்.

செல்போன் விவகாரம் வேறு. கணக்கைப் போட்டோ எடுத்தால் படிப்படியாக விடை வந்து விடுகிறது. கைடுக்குப் பதில் போன். அவ்வளவுதான் வித்தியாசம். போனே கூடாது என்று சொல்லவில்லை. முதலில் 10 நிமிஷம் பிள்ளை தானாக முட்டி மோத வேண்டும். எந்த வரியில் நின்றானோ அங்கே கேள்விக்குறி போட வேண்டும். அதற்குப் பிறகு அந்த ஒரு வரியை மட்டும் போனில் பார்க்கட்டும். மறுநாள் வாத்தியாரிடமும் கேட்கட்டும்.

வாத்தியார்களுக்கு ஒரு வார்த்தை

6, 7, 8-ம் வகுப்புகளில் 35 பிள்ளைகளுக்கு ஒரு ஆசிரியர் இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அறிவியலுக்கும் கணக்குக்கும் சேர்த்துக் குறைந்தது ஒருவர் என்றும் சொல்கிறது. அதாவது அமிலமும் காரமும் நடத்தி விட்டு வருகிறவரே இயற்கணிதமும் நடத்தலாம். அவர் கஷ்டம் நமக்குப் புரிகிறது. 35 நோட்டையும் வரி வரியாகப் பார் என்று சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று செய்யலாம். தினமும் ஒரே ஒரு தப்பை, பிள்ளையின் பேரைச் சொல்லாமல், போர்டில் எழுதுங்கள். "இதுல எங்கே சறுக்கியிருக்கு, சொல்லுங்க பார்ப்போம்" என்று வகுப்பைக் கேளுங்கள். 5 நிமிஷத்தில் 35 பேருக்கும் வைத்தியம் ஆகி விடும். "மக்கு" என்ற வார்த்தையை மட்டும் வாயில் வைக்காதீர்கள். ஒரே கணக்கை 10 தடவை எழுதச் சொல்வதும் வேண்டாம். 10 தடவை எழுதினால் கைதான் வலிக்கும். பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்கு நடத்தினால் பிள்ளைகளுக்குக் கணக்கு மேலேயே கோபம் வரும்.

2025-26-ம் கல்வி ஆண்டில் அரசுப் பள்ளிகளில் 6 முதல் 9-ம் வகுப்பு வரை பின்தங்கிய பிள்ளைகளுக்குத் தமிழ், ஆங்கிலம், கணக்கில் "திறன்" என்ற பயிற்சி தொடங்கப்பட்டது. நல்ல காரியம். உங்கள் பிள்ளையை அப்படி ஒரு பயிற்சியில் சேர்த்தால் வாத்தியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். விட்டுப் போன செங்கல்லை எடுத்து வைக்கிறார்கள் என்று நினைத்துக் கொள்ளுங்கள்.

படிக்காத தாய்க்கும் முடியும்

"நான் அஞ்சாவதோட நின்னுட்டேன். நான் என்னத்தைச் சொல்லிக் கொடுக்கிறது?" என்று கேட்கும் தாய்மார்களே! நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம். கேட்டுக் கொண்டால் போதும்.

அரை மணி நேரம் டி.வி.யை நிறுத்துங்கள். பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரியுங்கள். "இது எப்படி வந்துச்சு? எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்று கேளுங்கள். அம்மாவுக்குச் சொல்லிக் கொடுக்க முடிந்தால் பிள்ளைக்குக் கணக்கு வந்து விட்டது. பாதியில் திக்கினால், நாளைக்குக் கேட்க வேண்டிய கேள்வி அங்கே இருக்கிறது.

"எங்க பரம்பரைக்கே கணக்கு வராது" என்று மட்டும் பிள்ளை காதில் விழும்படி சொல்லாதீர்கள். கணக்கு என்ன, மூக்கு மாதிரி தாத்தாவிடமிருந்து வருகிறதா? 12 வயசுப் பிள்ளை அந்த வார்த்தையைப் பிடித்துக் கொண்டு ஆயுசு பூராவும் உட்கார்ந்து விடும்.

இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வரும் நேரம், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நேரம். நாளையிலிருந்து "எத்தனை மார்க்?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். "இன்னைக்கு எதுல தப்பு வந்துச்சு? ஏன் வந்துச்சு?" என்று கேளுங்கள். கோபம் இல்லாமல் கேளுங்கள். தப்பைச் சொன்னால் அடி விழாது என்று தெரிந்து விட்டால், பிள்ளை காப்பி அடிப்பதை நிறுத்தி விடும். அதற்குப் பிறகு நோட்டு அழுக்காகும். கணக்கு மண்டையில் ஏறும்!